பேர் எழுத வருகிறவன்

குதிரைக்காரனிலிருந்து ஆரம்பித்தால் பயம் கொஞ்சம் குறைவு. இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த ஐந்து மாதத்தில் லோகேஸ்வரி தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது. குதிரைக்காரனுக்கு முகம் பாதி தேய்ந்து போயிருந்தது, அதனால் அவன் பார்ப்பதில்லை. அப்புறம் குதிரை, ஒட்டகம், அடுப்பும் அதன் மேல் ஒட்டிக்கொண்டே பிறந்த பானையும், சுருட்டிய வால் நாய், கைகளைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும் நான்கு வேலைக்காரிகள், கடைசியாக, வேறு வழியே இல்லாமல் கடைசியாக, கீழ்த்தட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பால் கொடுப்பவள். வியாழக்கிழமை தோறும் மூன்றரை மணிக்குக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, படம் வரைகிற பிரஷ்ஷால் ஒவ்வொருவரையும் தூசி தட்ட வேண்டும். துணி ஆகாது, தண்ணீர் ஆகவே ஆகாது. சீனாவில் செத்தவர்களோடு புதைத்த மண்பொம்மைகள், ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இருட்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது தைப்பிங்கில், நாள் தவறாமல் மழை கொட்டுகிற ஊரில் வந்து நிற்கிறார்கள். செத்துப்போன தவுக்கே, இந்த வீட்டு முதலாளி, ஊர் ஊராகத் தேடி வாங்கிச் சேர்த்தவை. அவர் போன பிறகு பெற்ற மகன்களே இந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. கல்லறைச் சாமான் வீட்டிலிருந்தால் வம்சத்துக்கு ஆகாதாம். அவர் மனைவி லிம் சியூ ஹோங் வாசலோடு நின்றுகொள்வாள். தொடுவதற்குத்தான் லோகேஸ்வரி. "நீ தொடலாம் தங்காச்சி. அவங்களுக்கு உன் பேரு தெரியாது, உன் பாஷை தெரியாது. உன்னைக் கூப்பிடணும்னாலும் எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று முதல் வாரமே கிழவி சொல்லிவிட்டாள். வாயில் தவுக்கேயம்மா, மனசுக்குள் கிழவி. கிழவிக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர், பத்து வயது வரை தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி ஆடியவள். லோகேஸ்வரிக்குக் கூட வராத கெட்ட வார்த்தையெல்லாம் அவளுக்கு வரும். தெரியாத பேரை யாரும் கூப்பிட முடியாது. அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் இத்தனை வியாழக்கிழமையும் ஓடியது. இன்றைக்கு ஐந்து மணிக்கு ஆ செங் வருகிறான், பேர் எழுத.

காலையில் கால் பிடித்துவிடும்போது கிழவி சொன்னாள். கிழவியின் கால் நீர் கோத்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி நிறைய ஒன்று இரண்டு என்று பன்னிரண்டு எண்ண வேண்டியிருந்தது. போன மாதம் எட்டுதான். டாக்டர் மகன்களிடம் ரகசியமாகச் சொன்னதைக் கிழவி டாக்டரிடமே மிரட்டி வாங்கிவிட்டாள், தீபாவளி வரைக்கும் போனால் பெரிசு. அழவில்லை. மறுநாளே தாள்சாமான் கடை ஆ செங்கை வரச்சொல்லி, செத்த பிறகு தனக்கு எரிக்க வேண்டியதை எல்லாம் தானே ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தாள். தாளில் மாடிவீடு, தாளில் கார், காருக்குத் தொப்பி போட்ட டிரைவர், தாளில் டெலிவிஷன். எரித்தால் அங்கே போய்ச் சேரும். "என் மகனுங்களை நம்பினா கார் வரும், சக்கரம் வராது" என்று சிரித்தாள். அப்புறம், குழி நிறையட்டும் என்று லோகேஸ்வரி விரலை எடுத்திருந்த அந்த நேரத்தில், "வேலைக்காரி ஒண்ணு சொல்லியிருக்கேன். உன் பேர்லதான்" என்றாள். பேர் வைத்து எரிக்காத தாள் பொம்மை அங்கே போய் யார் சொல்பேச்சும் கேட்காதாம், நடுத்தெருவில் திரு திருவென்று நிற்குமாம். "சும்மா ஏதாவது பேர் வைக்கலாங்களே தவுக்கேயம்மா." "வச்சா? எவளோ ஒருத்தி வருவா. கஞ்சி எவ்வளவு குழையணும், வலது காலை எப்படிப் பிடிக்கணும், எல்லாம் முதல்லேருந்து நான் சொல்லிக்கொடுக்கணும். செத்தும் எனக்கு ஓய்வு கிடையாதா?" லோகேஸ்வரி எண்ணிக்கொண்டிருந்தாள், ஒன்பது, பத்து. "பயப்படாதே. பிள்ளையைப் பிரிச்சு வேலை வாங்குற பாவம் எனக்கு வேண்டாம். இடுப்பில பிள்ளையோட செய்யச் சொல்லிட்டேன். அவ பேரையும் எழுதிடலாம்." பன்னிரண்டு. குழி நிறைந்துவிட்டது. "சரிங்க தவுக்கேயம்மா" என்றாள் லோகேஸ்வரி.

சரிங்க. அந்தச் சரிங்க எங்கிருந்து வந்தது? பிரஷ் ஒட்டகத்தின் தாடைக்கடியில் நின்றுவிட்டது. தொண்டையிலிருந்து வரவில்லை, அதற்கும் கீழே, கான்வென்ட் வராந்தாவில் பதினோரு வருஷம் "எஸ் சிஸ்டர்" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து போன ஏதோ ஒரு பள்ளத்திலிருந்து வந்தது. தன் பேர் என்றால் பரவாயில்லை என்று கூடத் தோன்றியது, எழுதிக்கொள்ளட்டும், எரித்துக்கொள்ளட்டும், என்ன மிச்சமிருக்கிறது எரிக்க. ஆனால் மாலினி. மாலினி பின்கட்டு அறையில் மெத்தையைச் சுற்றித் தலையணை அடுக்கித் தூங்குகிறாள், ஏழு மாதம், கீழ் ஈறில் அரிசிமுனை போல ஒரு பல். தூங்குகிறாளா? லோகேஸ்வரி பிரஷ்ஷை வைத்துவிட்டு ஓடினாள். இருபத்தைந்து எட்டு, குசினி, குளியலறை, அறை. ஆள்காட்டி விரலைப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே வைத்துக் காத்திருந்தாள். வந்தது. இன்னொரு முறை. வந்தது. மூன்றாவது வரும் வரைக்கும் நிற்பது என்பது சட்டம், யாரும் போடாத சட்டம், அதை மீறினால் என்ன ஆகும் என்று அவள் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. வந்தது. திரும்பி வந்து பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடுகிறாள் என்று கிழவிக்குத் தெரியும். "உன் பிள்ளை என்ன கடிகாரமா, சாவி கொடுத்துக்கிட்டே இருக்கே?" என்று கேலி செய்வாள். கேலி செய்தாலும் பிள்ளையோடு வேலைக்கு வைத்துக்கொண்டவள் இந்த ஊரில் இவள் ஒருத்திதான். குணாளன் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனான், முதலில் மாதம் ஒரு கடிதம், அப்புறம் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை, அப்புறம் ஒன்றுமில்லை. மாமியார் சட்டியையும் துணியையும் வாசலில் வைத்தாள். நான்கு வீட்டில் கதவு திறந்தது, இடுப்பைப் பார்த்தார்கள், கதவு மூடியது. இன்றைக்கு ஐந்து மணிக்கு முடியாது என்று சொன்னால், ஆறு மணிக்கு மழையில் எங்கே போய் நிற்பது? சாகப்போகிறவள், இன்னும் நாலைந்து மாதம். அதுவரை கூரை. கூரைக்கு விலை இரண்டு பேர். தாளில்தானே. எரியப் போவது தாள்தானே. நீ படித்தவள்தானே லோகேஸ்வரி, ஐந்தாம் பாரம் வரை இங்கிலீஷில் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறாயா? நம்பவில்லை. நம்பாதவள்தான் ஒரு நாளைக்கு நாற்பது தரம் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள்.

முதல் பிள்ளைக்கு அப்படி வைத்துப் பார்க்கவில்லை. அதுதான். அவ்வளவுதான் விஷயம். மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் பக்கத்தில் படுத்திருந்தாள், பால் குடித்த வாய் அப்படியே திறந்திருந்தது, கொஞ்சம் கண்ணசந்தாள், கொஞ்சம் என்றால் ரேடியோவில் ஒரு பாட்டு பாடி முடிகிற அளவு, விழித்தபோது வாய் அப்படியே திறந்திருந்தது. ஆண்பிள்ளை. பிள்ளை என்று கூட யாரும் சொல்லவில்லை, அது என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமியார் பழைய வேட்டியில் சுற்றினாள், குணாளன் மண்வெட்டியோடு போனான், ஆற்றோரம் எங்கோ, எந்த மரம் என்று கேட்டதற்கு மரமெல்லாம் பார்க்கவில்லை என்றான். பதினாறாம் நாள் ஒரு விளக்காவது ஏற்றலாமா என்று கேட்டபோது, "பேர் வைக்காததுக்கு என்னடி காரியம்? யாருன்னு சொல்லி ஏத்துவே?" என்றாள் மாமியார். கேள்வி நியாயமானதுதான். யாரென்று சொல்லி? வயிற்றில் ஆறாம் மாதத்திலிருந்து அவள் ஒரு பேர் வைத்திருந்தாள், சோறு வடிக்கும்போது ஆவிக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள், ஆனால் முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுத்தான் சொல்ல வேண்டும், முன்னாலேயே சத்தமாகச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று வாயை மூடியிருந்தாள். மூடின வாய் மூடினதுதான். இரண்டரை வருஷம். சொல்லியிருந்தால் நின்றிருக்குமோ என்று ஒரு நினைப்பு வரும், பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருக்குமோ, கூப்பிட ஆளில்லாமல்தான் போய்விட்டதோ. இந்த இடத்தில் நினைப்பு எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கும், மாட்டு வண்டிச் சக்கரத்தில் கல் சிக்கின மாதிரி. நான்கு வேலைக்காரிகளில் இரண்டாமவள் தலையில் தூசி. தட்டினாள்.

கான்வென்ட்டிலும் அவளுக்கு இதே வேலைதான், நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் சிரிப்பு உதடு வரைக்கும் வருவதில்லை. டிசம்பர் மாதம் ஸ்டோர் ரூமிலிருந்து குடில் பொம்மைகளை எடுத்து வைக்கோல் தூசி தட்டுவதற்கு சிஸ்டர் எமில்டா அவளைத்தான் கூப்பிடுவாள், கை நடுங்காத பிள்ளை என்று. மாதா, சூசையப்பர், ஒரு காது போன கழுதை, மூன்று ராஜாக்கள். குழந்தையை மட்டும் தனி டப்பாவில் பஞ்சில் வைத்திருப்பார்கள், அதைத் தொட அவளுக்கு அனுமதியில்லை, ஞானஸ்நானம் வாங்காத கை. சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் ஒருமுறை கேட்டாள்: "சிஸ்டர், ஞானஸ்நானம் வாங்காமலே செத்துப்போன குழந்தைகள் எங்கே போகும்?" "லிம்போ." "அங்கே கஷ்டமா?" "கஷ்டமில்லை. வெளிச்சமும் இல்லை. வலியில்லாத இடம்." "அழுதா யார் தூக்குவாங்க சிஸ்டர்?" சிஸ்டர் எமில்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், கெட்ட மனுஷி இல்லை, யோசித்துத்தான் சொன்னாள், "அங்கே யாரையும் தூக்க வேண்டியதில்லை, சைல்ட்." பன்னிரண்டு வயதில் கேட்ட பதில், பத்து வருஷம் சும்மா கிடந்தது, ஒரு விடியற்காலையில் எழுந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. தூக்க வேண்டியதில்லை. அதாவது தூக்க ஆளில்லை. சிஸ்டர்கள் தங்கள் ஆட்களுக்குச் சொர்க்கம் வைத்துக்கொண்டார்கள், மாமியார் தன் ஆட்களுக்குப் பதினாறாம் நாள் வைத்துக்கொண்டாள், கிழவி தனக்கு மாடிவீடும் டிரைவரும் வைத்துக்கொள்கிறாள். எல்லாருடைய மறுஉலகத்திலும் வாசல் இருக்கிறது, வாசலில் பேர் கேட்கிறார்கள்.

கீழ்த்தட்டுக்குக் குனிந்தாள். பால் கொடுப்பவள். ஒரு சாண் உயரம், மண் நிறம், கால் மடக்கி உட்கார்ந்து, சட்டை விலகி, மடியில் பிள்ளை. சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் லோகேஸ்வரியால் தாங்க முடியாது. எவனோ ஒரு செத்த பணக்காரனுக்காகக் குழிக்குள் இறக்கப்பட்டவள், அவன் வீட்டுப் பிள்ளைக்கா தன் பிள்ளைக்கா தெரியாமல் பால் கொடுத்துக்கொண்டு சிரிக்கிறாள். கிழவி வாசலில் நின்று சொன்ன கதை, தோட்டத்துக் கடை வாசலில் கதை சொல்கிற மாதிரிச் சொல்வாள்: "ரொம்ப காலத்துக்கு முன்னாலே ராஜா செத்தா ஆளையே போட்டு மூடிடுவாங்க தங்காச்சி. சமையக்காரன், குதிரைக்காரன், வப்பாட்டி, எல்லாரையும். அப்புறம் யாரோ ஒரு நல்லவன், மண்ணுல செஞ்சு வச்சா போதாதான்னான். அப்புறம் தாள் வந்துச்சு. பாத்தியா, எவ்வளவு முன்னேறிட்டோம்!" நல்லவன். ஆளை விட்டு, மண்ணைப் பிடித்து, தாளை வெட்டி, ஆனால் பேர் மட்டும் இன்னும் ஆளுடையதாகவே வேண்டியிருக்கிறது. பிரஷ் மடிப் பிள்ளையின் தலைக்கு வந்தது. தாயும் பிள்ளையும் ஒரே கட்டி மண்ணில் பிடித்தது, நடுவில் ஒட்டு இல்லை, கோடு கூட இல்லை. பிள்ளையின் முகம் மார்புக்குள் போய்விட்டதால் முகமே செய்யவில்லை செய்தவன், வெறும் பின்மண்டை. பிரிக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும்.

நான்கே முக்கால். வேறு பேர் சொல்லலாம். மாலினி என்று கிழவிக்குத் தெரியும், ஆனால் பிறப்புப் பத்திரத்தில் வேறு பேர் இருக்கிறது என்று சொன்னால் யார் பார்க்கப் போகிறார்கள். என்ன பேர்? பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் பிள்ளை பேர் ராணி. தலை நிறையப் புண், எந்நேரமும் மூக்கொழுக, அவள் அம்மாவுக்கு அதற்கு மேலே ஐந்து இருக்கிறது. ஐந்து இருக்கிறதே. லோகேஸ்வரி தன் நினைப்பைத் தானே கேட்டாள், உடம்பு கூசியது, கூசினாலும் நினைப்பு நிற்கவில்லை, அடுத்த கதவைத் தட்டியது. மாமியாரின் மகள் வயிற்றுப் பேரன், பாட்டிக்கு உயிர், அவன் காலில் வெள்ளிக் கொலுசு, அவன் பேரைச் சொன்னால் என்ன? யாருக்குத் தெரியும்? மண்வெட்டி எடுத்துப் போன வீட்டிலிருந்து ஒன்று போகட்டுமே. இப்படித்தான் நினைத்திருப்பார்களோ அந்தக் காலத்து ராஜா வீட்டில், குழிக்கு ஆள் எடுக்கிறபோது, என் பிள்ளை வேண்டாம் அவள் பிள்ளையை எடுத்துக்கொள் என்று ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருந்தவளைக் காட்டியிருப்பாள், கடைசியில் காட்டுவதற்கு யாருமில்லாதவள் இறங்கியிருப்பாள், பிள்ளையோடு, சிரித்துக்கொண்டா? செய்தவன் சிரிக்க வைத்துவிட்டான். வாசலில் வேன் சத்தம். ஓடிப்போய் மூக்கில் விரல் வைத்தாள். வந்தது, வந்தது, மூன்றாவதுக்கு நிற்க நேரமில்லை, கிழவி மணி அடித்துவிட்டாள், இரண்டோடு திரும்பி வந்தாள்.

ஆ செங் மழைக்குப் பிளாஸ்டிக் சுற்றித் தூக்கி வந்ததை முன்கூடத்தில் பிரித்தான். மூங்கில் குச்சி எலும்பு, இளஞ்சிவப்புத் தாளில் சட்டை, நீலத்தாளில் கால்சட்டை, கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு. ஒரு கையில் தேநீர்த் தட்டு. இடுப்பில் பிள்ளை, தலையில் மஞ்சள் ரிப்பன். நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தான், தமிழச்சி என்று தெரிவதற்காக. "நல்லா இருக்கா? உன் மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை, விடு" என்றாள் கிழவி, சாய்வு நாற்காலியில் காலை முக்காலி மேல் தூக்கி வைத்திருந்தாள். பொம்மையின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டைக் காட்டினாள். "நீயே எழுது, தமிழ்ல. ஆ செங் எழுதினா உன் பேரு கப்பல் பேரு மாதிரி ஆயிடும். எங்கப்பா அங்கே இருக்காரு, அவருக்குத் தமிழ் படிக்க வரும், வாசலுக்கு வந்து படிச்சு உள்ளே கூட்டிக்குவாரு." ஆ செங் பேனாவை நீட்டினான். லோகேஸ்வரி முட்டி போட்டு உட்கார்ந்து எழுதினாள். லோகேஸ்வரி த/பெ பெருமாள். நீல அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல். அலமாரி அறைக் கதவு திறந்தே இருந்தது, நான்கு வேலைக்காரிகளும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் அவர்களுக்குத் தெரியும். "ம், பிள்ளை பேரு" என்றாள் கிழவி. பேனா தாளில் பட்ட இடத்தில் மை ஊறிப் புள்ளி பெருத்தது. "மாலினி வேண்டாங்க தவுக்கேயம்மா." "என்னது?" "பிள்ளைன்னுதானே சொன்னீங்க. மூத்தது ஒண்ணு இருக்கு. பையன்." "எங்கிட்டே சொல்லவே இல்லையே, எங்கே இருக்கான்?" "அங்கே" என்றாள் லோகேஸ்வரி. கிழவி காலை முக்காலியிலிருந்து இறக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள். "எத்தனை மாசம்?" "மாசம் இல்லைங்க. மூணு நாள்." கிழவி சீனத்தில் ஆ செங்கிடம் ஏதோ சொன்னாள். ஆ செங் பிள்ளைத் தலையிலிருந்து மஞ்சள் ரிப்பனை நகத்தால் உரித்து எடுத்தான். "பேரு?" என்றாள் கிழவி. லோகேஸ்வரி பூபாலன் என்றாள். தன் காதால் முதல் தடவை கேட்டாள், சோற்று ஆவியில்லாமல், வெறும் காற்றில். எழுதினாள். எழுத்து கோணியது, கை நடுங்காத பிள்ளையின் எழுத்து.

"பிள்ளை இருக்குன்னு என் வேலையில குறை வைக்கக்கூடாது அங்கே, சொல்லிட்டேன்" என்றாள் கிழவி, குரலைப் பழையபடி முறுக்கிக்கொண்டு. "வைக்க மாட்டேங்க தவுக்கேயம்மா." "ராத்திரியில அழுதா வெளியே தூக்கிட்டுப் போயிடணும்." "போயிடறேங்க." தூக்கிட்டுப் போயிடறேன். அவ்வளவுதான் கிடைத்தது, அதற்கும் எஜமானி உத்தரவு. செத்த பிறகும் கஞ்சி குழைத்து, கால் பிடித்து, குழி நிறைய எண்ணிக்கொண்டு, வெளிச்சமில்லாத ஏதோ ஒரு தெருவில் பின்கட்டு அறை. இந்த உலகத்தில் கேட்டு வாங்க முடியாததை அந்த உலகத்தில் வேலைக்காரியாகப் போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆ செங் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சுற்றப் போனான். தாள் பிள்ளை இடுப்பில் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது, விரல் நுழைகிற இடைவெளி. லோகேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பசை பத்தலை" என்றாள் மலாயில். "இன்னும் போடு." ஆ செங் கிழவியைப் பார்த்தான், அப்புறம் சிரித்தான். "எரிக்கப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு பசை?" "போடு" என்றாள். அவன் வேனுக்குப் போய்ப் பசை டப்பாவைக் கொண்டு வந்து ஒரு தீற்றல் இட்டான். போதாதென்று அவளே விரலில் எடுத்துப் பூசினாள், பிள்ளைக்கும் இடுப்புக்கும் நடுவில், முதுகுக்கடியில், தொடைக்கடியில், பூசிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பின்கட்டில் மாலினி எழுந்து அழ ஆரம்பித்தாள். மூச்சு இருக்கிற அழுகை, நல்ல சத்தமான அழுகை. "உன் கடிகாரம் அடிக்குது, போ" என்றாள் கிழவி. "இதோங்க" என்றாள் லோகேஸ்வரி. பசை இன்னும் காயவில்லை. விரலை எடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.